இருப்புப்பாதை எட்டாத தீவுகள்: அந்தமானில் மரத்தடங்களும் நெடுஞ்சாலையும்

முன்னுரை

ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை ஆட்சியாளர்களையும் போர்களையும் கொண்டு எழுதுவது பழைய மரபு. அந்நிலத்தில் அமைந்த பாதைகளைக் கொண்டு எழுதுவதும் ஒரு முறை. இந்தியத் துணைக்கண்டத்தின் ஊரக வரலாற்றை அவ்வாறு நோக்குவோர்க்கு இருப்புப்பாதையே முதன்மைச் சான்றாக அமைகிறது. 1853 ஏப்ரல் 16இல் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையிலும், 1856 ஜூலை 1இல் சென்னை இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையிலும் தொடங்கிய இரயில் போக்குவரத்து, அரை நூற்றாண்டிற்குள் சந்தைகளின் இருப்பிடத்தையும் பயிர்களின் வகையையும் கூலி தேடிச் செல்வோரின் திசையையும் மாற்றியமைத்தது.

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் பயணிகள் இரயில் இன்றுவரை ஓடியதில்லை. எனினும், பிற இடங்களில் இருப்புப்பாதை விளைவித்த மாற்றங்களான காடழிப்பு, தொலைதூரத் தொழிலாளர் வரவு, புதிய ஊர்களின் தோற்றம், தொல்குடியினரின் ஒடுக்கம் ஆகிய அனைத்தும் அங்கும் நிகழ்ந்துள்ளன. இரயில் இல்லாமலேயே இம்மாற்றங்கள் எவ்வாறு நேர்ந்தன என்பதனையும், அவற்றால் பயன்பெற்றோர் யார், இழந்தோர் யார் என்பதனையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பழங்குடியும்

வட அந்தமான், நடு அந்தமான், பாரதாங்கு, தென் அந்தமான் ஆகிய தீவுகள் குறுகிய நீரிணைகளால் பிரிக்கப்பட்டு, வடக்குத் தெற்காக ஒரே தொடர்போல் அமைந்துள்ளன. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி நிகோபாரை மாநக்கவாரம் எனக் குறிப்பதிலிருந்து, தமிழ்நாட்டுக் கடலோடிகள் இத்தீவுக் கூட்டத்தை அறிந்திருந்தமை விளங்கும். ஆயினும் அந்தமானின் உட்காடுகள் நீண்டகாலம் வெளியாரின் தடம் படாதனவாகவே இருந்தன. அங்கு வாழ்ந்த பெரிய அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலியர் ஆகிய குடியினர் வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேனும் கிழங்கும் திரட்டியும் வாழ்ந்தனர். ஒற்றையடித் தடங்களும் கழிமுகங்களும் கடற்கரையுமே அவர்களுக்குரிய பாதைகள்.

1789இல் ஆர்ச்சிபால்டு பிளேயர் அமைத்த முதல் குடியிருப்பு 1796இல் கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பின்னர், 1858 மார்ச்சில் கைதிகள் குடியிருப்பு நிறுவப்பட்டது. கைதிகளின் உழைப்பால் போர்ட் பிளேயரைச் சூழ்ந்த காடு வெட்டப்பட்டு வயலும் சாலையும் உருவாயின. இந்நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படுகிறது. குடியேற்றத்தோடு தொற்றுநோய்களும் வந்தன. 1877இல் பரவிய தட்டம்மை பெரிய அந்தமானியரைப் பெருமளவில் அழித்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேராக இருந்த அக்குடியினர் 1961இல் 19 பேராகக் குறைந்தனர். வெளியாருடன் நெருங்கிப் பழகிய குடி அருகியது. விலகி நின்ற ஜாரவாக் குடி எஞ்சியது. பின்னர் நெடுஞ்சாலையைப் பற்றி எழுந்த விவாதம் முழுவதற்கும் இவ்வுண்மையே அடிப்படையாகும்.

மரத்தின் வழி வந்த இரயில்

இருப்புப்பாதை அந்தமானுக்கு வரவில்லை. ஆனால் இருப்புப்பாதைக்கு அந்தமான் தேவைப்பட்டது. தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்காகவும் எரிபொருளுக்காகவும் துணைக்கண்டத்தின் காடுகள் விரைந்து அழிந்தன. 1864இல் வனத்துறை தோற்றுவிக்கப்பட்டதற்கும் 1865, 1878ஆம் ஆண்டுகளில் வனச் சட்டங்கள் இயற்றப்பட்டதற்கும் இரயில்வேயின் மரத்தேவை ஒரு முதன்மைக் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஒப்பும் கருத்தாகும்.

இதன் தொடர்ச்சியாகவே 1883இல் அந்தமானில் வனத்துறை அமைந்ததையும், அதே ஆண்டில் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை நிறுவப்பட்டதையும் காணவேண்டும். செந்நிறமும் உறுதியும் கொண்ட படாக் மரம் ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் ஏற்றுமதியாயிற்று. அமெரிக்காவின் புல்மன் இரயில் பெட்டிகளின் உள்வேலைப்பாடுகளுக்கும் அம்மரம் பயன்பட்டது. உயர்ந்து வளரும் கர்ஜன் மரம் மருந்தூட்டப்பட்டு இந்திய இருப்புப்பாதைகளின் குறுக்குக் கட்டையாயிற்று. தண்டவாளத்தைக் கண்டிராத காடு, பிற நாடுகளின் தண்டவாளங்களுக்கு அடியில் கிடந்தது எனலாம்.

வெட்டிய மரத்தைக் காட்டிலிருந்து கரைக்குக் கொணர்வதற்கு யானைகள் நிலப்பரப்பிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டன. யானை இழுத்துவரும் அடிமரங்களை ஏற்றிச் செல்வதற்கெனக் காட்டினுள் குறுகிய டிராம் தண்டவாளங்கள் இடப்பட்டன. கழிமுகத்தை அடைந்த மரங்கள் தெப்பமாகக் கட்டப்பட்டுச் சாத்தம் ஆலைக்கு மிதந்து சென்றன. அந்தமான் கண்ட இருப்புத் தடம் இவ்வளவே. அது ஊரையும் ஊரையும் இணைக்கவில்லை. வெட்டுமிடத்தையும் நீரையும் மட்டுமே இணைத்தது. ஓரிடத்தில் மரம் தீர்ந்ததும் அதனைப் பெயர்த்தெடுத்து மற்றோரிடத்தில் பதித்தனர். ஆதலின் இத்தடங்களின் ஓரத்தில் நிலையான சந்தையோ பேரூரோ தோன்றவில்லை.

ஆயினும் தொழிலாளர் குடியிருப்புகள் தோன்றின. 1918 முதல் சோட்டாநாகபுரிப் பகுதியிலிருந்து முண்டா, ஓராவுன், காரியா முதலிய பழங்குடித் தொழிலாளர்கள் காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்டனர். இவர்கள் அனைவரும் இராஞ்சி மக்கள் என்ற பொதுப்பெயரால் இன்றும் அழைக்கப்படுகின்றனர். 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தரை அடுத்துக் குடியேறினர். 1921 மலபார்க் கிளர்ச்சியின் பின்னர்க் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தென் அந்தமானில் தம் ஊர்களுக்கு வண்டூர், மஞ்சேரி, திரூர், மன்னார்காடு எனத் தாயகப் பெயர்களையே இட்டனர்.

யானைகளின் கதை தனியே குறிப்பிடத்தக்கது. 1951இல் வட அந்தமான் காடுகள் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1962இல் அந்நிறுவனம் இன்டர்வியூ தீவில் தன் யானைகளைக் கைவிட்டுச் சென்றது. காட்டு யானையே இல்லாத அந்தமானில், அவற்றின் வழிவந்த யானைகள் பின்னர்க் காட்டு விலங்காகத் திரிந்து, அத்தீவின் மரஞ்செடிகளின் இயல்பை மாற்றின. மரத்தடம் பெயர்க்கப்பட்ட பின்னரும் அதன் விளைவு நிலத்தில் நிலைத்தமைக்கு இது சான்றாகும்.

குடியேற்ற ஊர்களும் கடல்வழியும்

இந்திய விடுதலைக்குப் பின்னர், 1949 முதல், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் அரசுத் திட்டத்தின்கீழ் அந்தமானில் குடியமர்த்தப்பட்டன. முதலில் தென் அந்தமானிலும், பின்னர் நடு அந்தமானின் இரங்கத், கதம்தலா, பகுல்தலா பகுதிகளிலும், வட அந்தமானின் டிக்ளிபூர் பகுதியிலும் ஊர்கள் எழுந்தன. குடும்பத்திற்குப் பத்து ஏக்கர் என்ற அளவில் நெல் விளையும் சமநிலமும் தோட்டத்திற்குரிய மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. இரங்கத்தைச் சூழ்ந்த பஞ்சவடி, சபரி, தசரத்பூர், ஜனக்பூர் என்னும் ஊர்ப்பெயர்கள் இராமகாதையை நினைவூட்டுவன. புதிய மண்ணில் பழைய நினைவைப் பதிக்கும் குடியேறியோரின் இயல்பு இப்பெயர்களில் வெளிப்படுகிறது.

இக்காலத்தில் மக்கள்தொகை விரைந்து பெருகியது. 1951இல் 30,971ஆக இருந்த தீவுகளின் மக்கள்தொகை 1961இல் 63,548ஆகவும், 1971இல் 1,15,133ஆகவும், 2001இல் 3,56,152ஆகவும் உயர்ந்தது. தமிழர்கள் பெரும்பாலும் அரசின் நிலத்திட்டத்தின் வழியன்றி, கூலிவேலை, வணிகம், அரசுப்பணி ஆகியவற்றை நாடி வந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் நூற்றுக்கு 15 பேர் அளவினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகள், இந்தி பேசுவோர் ஆகியோர்க்கு அடுத்த நிலையில் அவர்கள் உள்ளனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் சிலர் நிகோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத் தொழிலாளராயினர். இலங்கையில் இருப்புப்பாதை வளர்த்த தோட்டப் பொருளாதாரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், இருப்புப்பாதையற்ற தீவின் தோட்டத்தில் மீண்டும் கூலிகளானமை எண்ணத்தக்கது.

புதிய ஊர்களை இணைத்தது கடலே. டிக்ளிபூரிலோ மாயாபந்தரிலோ வாழ்ந்தவர்கள் தலைநகருக்குச் செல்வதற்குத் தீவிடைக் கப்பலுக்காகக் காத்திருக்கவேண்டும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. விளைந்த காய்கறி கரையிலேயே வாடியது. பேறுகாலத்தில் இடருற்ற பெண்ணுக்கும் பாம்பு தீண்டியவர்க்கும் மருத்துவமனை எட்டாத் தொலைவில் இருந்தது. குடியேறியோர் சாலையைக் கோரியதன் பின்னணியில் இத்தகைய உயிர்த்தேவைகள் இருந்தன என்பதை மறுத்தல் இயலாது.

நெடுஞ்சாலையும் எதிர்ப்பும்

இத்தேவையை நிறைவு செய்யவும் காட்டுவளத்தை எடுக்கவும் வகுக்கப்பட்டதே அந்தமான் நெடுஞ்சாலை. போர்ட் பிளேயரையும் டிக்ளிபூரையும் இணைக்கும் இச்சாலையின் நீளம் முந்நூறு கிலோமீட்டர் அளவினது. 1970களில் முனைந்து நடந்த கட்டுமானம் 1980களின் இறுதியில் நிறைவெய்தியது. இடைப்பட்ட நீரிணைகளை ஊர்திகள் படகுகளின் துணையோடு கடந்தன. பின்னர் ஆஸ்டின் நீரிணையின்மேல் செங்கப்பா பாலமும், ஹம்ப்ரி நீரிணையின்மேல் மற்றொரு பாலமும் எழுந்தன.

இச்சாலையின் ஒரு பகுதி, ஜிர்காதாங்கு முதல் மிடில் நீரிணை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு, ஜாரவாக் காப்பகத்தின் ஓரத்தையும் உள்ளையும் ஊடுருவிச் செல்கிறது. தொல்குடியினரைக் காப்பதற்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1957இல் காப்பகம் அறிவிக்கப்பட்டிருந்தது. வெளியார் நுழையக்கூடாது எனச் சட்டம் வரையறுத்த நிலத்திலேயே அரசு சாலையை அமைத்தது. ஒரே அரசின் இரு கொள்கைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட இடமாக இச்சாலையைக் கருதலாம்.

ஜாரவா மக்கள் இதனை எதிர்த்தனர். தொழிலாளர் முகாம்கள் அம்புகளால் தாக்கப்பட்டன. சாலைப் பணியாளர் சிலர் உயிரிழந்தனர். புதர்க்காவல் படையினரின் துப்பாக்கிக் காவலில் பணி தொடர்ந்தது. ஜாரவாக்கள் தரப்பில் மாண்டோரின் எண்ணிக்கையைக் கூறும் ஏடு எதுவும் அவர்களிடம் இல்லை. உயிரிழந்த தொழிலாளர்களும் அச்சாலையால் பயன்பெற்றவர்கள் அல்லர்; கூலிக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். நிலத்தை இழந்தவனும் நிலமற்றவனும் எதிரெதிர் நிற்க நேர்ந்தமை இச்சாலை வரலாற்றின் துயரப் பகுதியாகும். மலேயாவிலும் பர்மாவிலும் இருப்புப்பாதை அமைத்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று.

சாலைக்குப் பின்

சாலை திறந்தபின் குடியேற்ற ஊர்களின் வாழ்வு மாறியது. பேருந்து ஒரே நாளில் தலைநகரை அடைந்தது. நெல்லையே நம்பியிருந்த உழவர்கள் காய்கறியையும் வாழையையும் பாக்கையும் சந்தை நோக்கிப் பயிரிட்டனர். கடற்கரையை நோக்கியிருந்த ஊர்களின் முகப்பு சாலையை நோக்கித் திரும்பியது. படகுத்துறையை ஒட்டியிருந்த கடைகளைவிடப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கடைகள் சிறந்தன. பள்ளி முடித்த மாணவர்கள் கல்லூரிக்குச் சென்றனர். பாரதாங்கின் சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் சுற்றுலா இடங்களாயின. நிலப்பரப்பின் சிற்றூர்களில் இரயில் நிலையம் விளைவித்த மாற்றங்களை இவை ஒத்திருக்கின்றன.

அதேவேளையில், சாலையோரக் காடு சுருங்கியது. காப்பகத்தின் எல்லையில் ஆக்கிரமிப்புகள் பெருகின. காட்டுப்பன்றி, நண்டு, தேன் ஆகியவற்றைக் கவர்வோர்க்குச் சாலை எளிய நுழைவாயிலாயிற்று. இவையே ஜாரவா மக்களின் உணவு என்பதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

1996இல் கதம்தலா அருகே கால் முறிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவன் போர்ட் பிளேயர் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றுத் தன் மக்களிடம் திரும்பினான். 1997ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஜாரவாக்கள் படைக்கலமின்றிப் பகலில் ஊர்களுக்கும் படகுத்துறைகளுக்கும் வரத்தொடங்கினர். காட்டில் உணவு குறைந்தமையே காரணம் என்பாரும், சிறுவன் பெற்ற பரிவே அச்சத்தைப் போக்கியது என்பாரும் உளர். இரண்டும் ஒருசேரச் செயற்பட்டிருத்தல் கூடும். காரணம் எதுவாயினும் விளைவு தெளிவானது. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 1877இன் நிகழ்வு மீண்டும் வருமோ என்ற அச்சம் எழுந்தது. மருத்துவ உதவியால் பேரழிவு தவிர்க்கப்பட்டது. சாலை வழியே நோய் பரவும் வாய்ப்பும் மருந்து விரையும் வாய்ப்பும் ஒன்றாகவே இருந்தன.

நீதிமன்றமும் நடைமுறையும்

தமிழ்நாட்டின் கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு, உச்சநீதிமன்றத்தில் இந்தியக் காடுகள் அனைத்தையும் தழுவியதாக விரிந்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே அந்தமான் காடுகளை ஆராய 2001இல் சேகர் சிங் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஏற்று, 2002 மே 7இல் உச்சநீதிமன்றம் மரவெட்டுதலைக் கட்டுப்படுத்தியதோடு, ஜாரவாக் காப்பகத்தினூடே செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறும் ஆணையிட்டது.

மரவெட்டுதல் பெருமளவு குறைந்தது. சாலை மூடப்படவில்லை. நடு, வட அந்தமான் மக்களின் தேவையைச் சுட்டிக்காட்டி, தீவு நிருவாகம் ஆணையில் மாற்றம் வேண்டியது. ஊர்திகள் காவலுடன் கூட்டமாக, குறித்த நேரங்களில் மட்டும் செல்லும் முறை நடைமுறையில் இருந்தது. 2004இல் ஜாரவாக் கொள்கை அறிவிக்கப்பட்டு, காப்பகத்தின் பரப்பு 847 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,028 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. சாலையோரத்தில் ஜாரவாக்களைக் காட்சிப்பொருளாக்கும் சுற்றுலா, 2012இல் வெளியான ஒளிப்பதிவு ஒன்றினால் உலகெங்கும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அவ்வாண்டில் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2013இன் தொடக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் சில வாரங்கள் தடுக்கப்பட்டனர். பாரதாங்கிற்குக் கடல்வழி மாற்றுப்பாதையும் பின்னர் ஏற்படுத்தப்பட்டது.

2001 கணக்கெடுப்பில் 240ஆக இருந்த ஜாரவா மக்கள்தொகை 2011இல் 380ஆக உயர்ந்தது. இவ்வுயர்வைக் கொண்டு சாலையால் தீங்கில்லை என முடிவுசெய்தல் பொருந்தாது. கணக்கெடுப்பு தலைகளை எண்ணுகிறது. புகையிலைக்கும் மதுவுக்கும் பிறர் தரும் உணவுக்கும் பழகும் ஒரு குடியின் உள்மாற்றத்தை அது எண்ணுவதில்லை. அதேபோல், ஜாரவா மக்கள் அனைவரும் அழிவின் விளிம்பில் செயலற்று நிற்பதாகக் கொள்வதும் பொருந்தாது. எப்போது வெளிவருவது, எப்போது காட்டிற்குள் திரும்புவது என்பதனை அவர்கள் தாமே தேர்ந்து வந்துள்ளனர்.

மீண்டும் இருப்புப்பாதை

போர்ட் பிளேயரையும் டிக்ளிபூரையும் இணைக்கும் 240 கிலோமீட்டர் அளவிலான அகலப்பாதைத் திட்டம் 2017இல் பேசப்பட்டது. பாதுகாப்பும் சுற்றுலாவும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அத்திட்டம் இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. அது வருமாயின், நெடுஞ்சாலை எழுப்பிய வினாக்களையே மீண்டும் சந்திக்க நேரும். தீவின் அகலம் குறுகியது. கிழக்குக் கரையில் ஊர்களும் மேற்கே காப்பகமும் அமைந்துள்ளன.

இயற்கையின் எச்சரிக்கையும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியின் இரயில் நிலையத்தையும் தடத்தையும் அழித்தது. அவ்வூர் மீண்டும் எழவில்லை. 2004 டிசம்பர் 26இன் நிலநடுக்கத்தால் வட அந்தமானின் கரை உயர்ந்தது. தென் அந்தமானின் வயல்கள் தாழ்ந்து கடல்நீர் புகுந்தது. ஒரே தீவுத்தொடரின் ஒருமுனை எழவும் மறுமுனை தாழவும் கூடிய நிலத்தில் நிலையான தடம் அமைத்தல் எளிதன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் புலனாகின்றன. முதலாவதாக, இருப்புப்பாதை நேரில் எட்டாத நிலத்தையும் அதன் தேவைகள் எட்டி மாற்றின. அந்தமான் காடுகளின் மரவரலாறு இதற்குச் சான்று. இரண்டாவதாக, பொருளை எடுத்துச் செல்வதற்கு மட்டும் அமைந்த தடம் ஊர்களை வளர்க்காது. மக்கள் பயன்படுத்தும் பாதையே ஊரை வளர்க்கும். டிராம் தடத்திற்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள வேறுபாடு இதனை உணர்த்துகிறது. மூன்றாவதாக, ஒரே பாதை குடியேறிய உழவனுக்கு மருத்துவமனையை அணித்தாக்கிற்று. காட்டில் வாழ்பவனுக்கு நோயையும் அணித்தாக்கிற்று.

குடியேறியோரின் தேவையும் தொல்குடியினரின் உரிமையும் ஒன்றையொன்று அழித்தே தீரவேண்டும் என்பதில்லை. விரைவான, நம்பத்தக்க கப்பல் போக்குவரத்தும், இரங்கத்திலும் மாயாபந்தரிலும் டிக்ளிபூரிலும் நிறைவான மருத்துவ வசதியும் இருந்திருப்பின், காப்பகத்தின் வழியே சாலை வேண்டும் என்னும் கோரிக்கையின் அழுத்தம் பெரிதும் குறைந்திருக்கும். கடலால் இணைந்த ஊர்களுக்குக் கடல்வழியைச் செம்மைப்படுத்தாமல் காட்டுவழியைத் தேர்ந்தமையே சிக்கலின் வேர் எனலாம். இனி வரும் எந்தத் திட்டமும், சாலையாயினும் இருப்புப்பாதையாயினும், யாருடைய தொலைவைக் குறைக்கிறது என்பதோடு யாருடைய காப்பாக அத்தொலைவு இருந்தது என்பதனையும் கணக்கிட்டே வகுக்கப்படல் வேண்டும்.